பக்கத்து வயல்ல மோட்டார் போட்டா எங்க வீட்ல சிஸ்டம் ஆஃப்

கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸப் எல்லாத்துலயும் ஒரே பாட்டுதான். கேம் ஆடிக்கிட்டு இருக்கறப்ப சிஸ்டம் போயிடுது. பிரிண்டர், வைஃபை கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன், கோச்சுக்காதீங்க.

*

அண்ணே வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்துல கிராமம், காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறேன். ரைசன் 5 5600 ப்ராசசர், ஆர்.டி.எக்ஸ். 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், கேபினட்டோட சேர்ந்து வந்த 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். (உள்ள கரண்ட் குடுக்கற பெட்டி). கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் செகண்ட்ஸ்ல வாங்குனது. கேம் ஓப்பன் பண்ணி இருபது நிமிஷம் அரை மணி நேரத்துல டப்புனு ஆஃப் ஆகி தானாவே திரும்ப ஆன் ஆகுது. ப்ளூ ஸ்கிரீன் எதுவும் வரல. யூட்யூப் பாத்தா, ப்ராஜெக்ட் டைப் பண்ணா ஒண்ணும் ஆகறதில்ல. மூணு தடவை ஃபார்மட் பண்ணியாச்சு, ரேம் மாத்தியாச்சு, கடைக்காரர் இப்ப மதர்போர்டு போயிருக்கும்ங்கறார். விண்டோஸ் நடந்ததையெல்லாம் எழுதி வெக்கற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு வருது, நெட்ல தேடினா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, அதுலதான் சிஸ்டமும் ஓடுது. இன்னொண்ணு, சாயங்காலம்தான் அதிகமா ஆகுது, ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஆடினா பெரும்பாலும் ஆகறதில்ல. போர்டுக்குக் காசு கேட்டா அப்பா என்னை வீட்டை விட்டே அனுப்பிடுவார்.
(ஒரு வாசகர், மன்னார்குடி பக்கம்)

தம்பி, அப்பாகிட்ட இப்பவே காசு கேக்காத. போற போக்குல ஒரு வரி எழுதியிருக்க பாரு, சாயங்காலம்தான் அதிகமா ஆகுதுன்னு, அந்த வரிக்காகத்தான் உன் கடிதத்தை முதல்ல வெச்சிருக்கேன். போர்டுக்கு மணி பாக்கத் தெரியாது. கெட்டுப்போன போர்டு காலைலயும் படுக்கும், நடுராத்திரியும் படுக்கும். மணி பாத்து மாறுறது உங்க ஊர்ல ஒண்ணுதான், கரண்ட்.

மொதல்ல அந்த 41. அதைப் பாத்துட்டு மிரண்டுபோய் எழுதறவங்க நிறைய பேர். கெர்னல் பவர் 41 காரணமே இல்ல. சிஸ்டம் திரும்ப ஆன் ஆனப்புறம் விண்டோஸ் எழுதி வெக்கற குறிப்பு அது, போன தடவை என்னை யாரும் ஒழுங்கா ஷட்டவுன் பண்ணலன்னு. திருட்டு நடந்து முடிஞ்சப்புறம் ஸ்டேஷன்ல எழுதிக்குடுக்கற புகார் மாதிரி, திருடன் பேரு அதுல இருக்காது. ஆனா உள்ள ஒரு தடயம் இருக்கு. அந்த வரிய டபுள் கிளிக் பண்ணி டீட்டெய்ல்ஸ் பக்கம் போ, பக்செக் கோடுன்னு ஒண்ணு இருக்கும். அங்க 0 இருந்தா என்ன நடந்துச்சுன்னு எழுத விண்டோஸுக்கே நேரம் கிடைக்கலன்னு அர்த்தம், அதாவது கரண்ட் பட்டுனு அறுந்திருக்கு, இல்ல ப்ராசசர் சூடு தாங்காம தன்னையே ஆஃப் பண்ணிக்கிட்டிருக்கு (ஹேங் ஆகி நீயே பட்டனை அழுத்திப் புடிச்சு ஆஃப் பண்ணாலும் 0தான் காட்டும், அதையும் மனசுல வெச்சுக்க). வேற நம்பர் இருந்தா ப்ளூ ஸ்கிரீன் வந்துட்டுப் போயிருக்கு, நீ பாக்கல. நீ சொல்றதை வெச்சுப் பாத்தா உனக்கு 0தான் இருக்கும். அப்படி இருந்தா மூணு ஃபார்மட்டும் தண்டம்தான், ஏன்னா கரண்ட் அறுந்து போறதுக்கு விண்டோஸ் என்னய்யா பண்ணும்.

இப்ப உங்க ஊருக்கு வருவோம். ஒரே டிரான்ஸ்ஃபார்மர்ல வீடும் இருக்கும் போர்செட்டும் இருக்கும். மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்தாலும் தொறக்காட்டியும் குறுவைக்கு நாத்து விடறவங்க போர் தண்ணிய நம்பித்தான் விடறாங்க, மும்முனை கரண்ட் வந்ததும் ஆளாளுக்கு ஓடிப்போய் ஸ்டார்ட்டரைத் தட்டுவாங்க. ஒரு மோட்டார் ஓடறப்ப இழுக்கறதை விட ஸ்டார்ட் ஆகறப்ப அஞ்சு ஆறு மடங்கு ஆம்பியர் இழுக்கும், ஒரு சில செகண்டுதான், ஆனா அந்தச் சில செகண்டுல லைன்ல இருக்கற மத்த வீட்டு வோல்டேஜ் தரையைத் தொட்டுட்டு வரும். உங்க வீட்டு ட்யூப் லைட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டும், ஃபேன் சோம்பும், அதை யாரும் கவனிக்கறதில்ல. சிஸ்டம் அப்படிச் சோம்பாது. கம்ப்யூட்டருக்கு 300 வாட் வேணும்னா வேணும்தான், வோல்டேஜ் குறைஞ்சா அதுக்கு ஈடா ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். 230 வோல்ட்ல 1.3 ஆம்பியர் இழுக்கறது 170 வோல்ட்ல 1.8 கிட்ட இழுக்கும். ஏற்கனவே மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கற எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அதுக்கு மேல தாங்காது, கையைத் தூக்கிடும். மலிவு எஸ்.எம்.பி.எஸ். பலதுலயும் லேபிள்லயே 200லேர்ந்து 240 வோல்ட்னுதான் போட்டிருப்பான், அதுக்குக் கீழ நான் பொறுப்பில்லன்னு அர்த்தம். யூட்யூப் பாக்கறப்ப ஏன் போகலன்னா அப்ப மொத்த சிஸ்டமும் நூறு வாட்டுக்குள்ள சும்மா உக்காந்திருக்கும்.

இன்வெர்ட்டர் இருக்கேன்னு கேப்ப. அதுதான் பெரிய ஏமாத்து. உங்க வீட்டு இன்வெர்ட்டர் பின்னாடியோ முன்னாடியோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் யூ.பி.எஸ்.னும் இன்னொரு பக்கம் ஈகோ இல்ல நார்மல்னும் போட்டிருக்கும். நார்மல்ல இருந்தா லைன்ல 120 வோல்ட் வந்தாலும் "கரண்ட் இருக்கே"ன்னு அப்படியே உள்ள விட்டுக்கிட்டே இருக்கும், பேட்டரிக்கு மாறாது. ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது சரி, பேட்டரி மிச்சம். யூ.பி.எஸ். பக்கம் தள்ளினா சுமார் 180க்குக் கீழ எறங்கினதுமே பேட்டரிக்குப் போயிடும், மாறுற வேகமும் அதிகம். வேகம் ஏன் முக்கியம்னா, கரண்ட் அறுந்தப்புறம் ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். தன் கெபாசிட்டர்ல இருக்கறதை வெச்சு 16, 17 மில்லிசெகண்ட் வரைக்கும் தாக்குப்புடிக்கும், அதுக்குள்ள இன்வெர்ட்டர் கைகொடுக்கணும். லோக்கல் எஸ்.எம்.பி.எஸ். அதுல பாதி கூட தாங்குறது சந்தேகம்தான். பல வீட்ல அந்தச் சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியாது. வாங்கின அன்னைக்கு மாட்ட வந்தவர் எந்தப் பக்கம் வெச்சாரோ அதேதான் இன்னைக்கும்.

அதனால மொதல் டெஸ்ட், செலவே இல்லாதது. உங்க மாமா வீடோ சித்தப்பா வீடோ மன்னார்குடி டவுனுக்குள்ள இருந்தா கேபினட்டைத் தூக்கிட்டுப் போய் அங்க வெச்சு அதே கேமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஆடு. ஒருத்தரும் கோச்சுக்க மாட்டாங்க, சாப்பாடும் போடுவாங்க. அங்க ஒரு தடவை கூட ஆஃப் ஆகலன்னா கோளாறு உன் கேபினட்டுக்குள்ள இல்ல, உங்க வீட்டு சுவத்துல இருக்கு. அங்கயும் ஆச்சுன்னா உள்ள தேடுவோம்.

ரெண்டாவது டெஸ்ட், அதுவும் ஓசிதான். ஆஃப்டர்பர்னர்னு ஒரு சாஃப்ட்வேர், எந்த கம்பெனி கார்டா இருந்தாலும் வேலை செய்யும், அதுல பவர் லிமிட்டை 65 சதவீதத்துக்கு எறக்கு, கேம்ல எஃப்.பி.எஸ்.ஸை (செகண்டுக்கு எத்தனை படம்ங்கற கணக்கு) 60ல கட்டு. அப்படி வெச்சு உங்க வீட்லயே ரெண்டு மூணு நாள் ஆடு. ஆஃப் ஆகறது நின்னுச்சுன்னா கார்டு நல்ல கார்டு, போர்டு நல்ல போர்டு, பவர் குடுக்கறவன்தான் சரியில்லன்னு கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துடலாம்.

இப்ப அந்த 500 வாட்டைப் பத்தி. கேபினட்டை சைடுல தொறந்து எஸ்.எம்.பி.எஸ். மேல ஒட்டியிருக்கற லேபிளைப் படி. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தொறந்துடாத, ப்ளக்கைப் புடுங்கினப்புறமும் உள்ள இருக்கற பெரிய கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கும், அடிச்சா எந்திரிக்க மாட்ட. லேபிள்ல 12 வோல்ட்னு போட்டு அதுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாரு. கேபினட்டோட ஓசில வர்ற பெட்டில நான் அடிக்கடி பாக்கறது 18, 20தான். 12ஐ 20ஆல பெருக்கு, 240 வாட். கார்டு 170 வாட், ப்ராசசர் முழுசா ஓடறப்ப 76 வாட், இதுலயே 246 வந்துருச்சு, இன்னும் போர்டு, ஃபேன், எஸ்.எஸ்.டி. எல்லாம் இருக்கு. போதாக்குறைக்கு கார்டு நேர்கோடா இழுக்காது, ஒரு சில மில்லிசெகண்டுக்கு 170ஐத் தாண்டிக் குதிச்சுட்டு இறங்கும், அந்தக் குதியில எஸ்.எம்.பி.எஸ். பயந்து கட் ஆகும். அப்ப 500ங்கறது எங்க போச்சுன்னா ஸ்டிக்கர்லதான் இருக்கு. இந்தக் கார்டுக்கு அதோட கம்பெனி என்விடியா சொல்றதே 550 வாட், அதுவும் நாணயமான 550. 80 ப்ளஸ் ப்ரான்ஸ்னு (கரண்டை அதிகம் வீணாக்காதுங்கற சான்று) போட்ட, தெரிஞ்ச கம்பெனி 550 இல்ல 650 வாங்கு, அஞ்சு வருஷ வாரண்டி இருக்கறதாப் பாத்து. கார்டை அவ்ளோ காசு குடுத்து வாங்கிட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஓசில எதிர்பாக்கறது, நாலு ஏக்கர் நிலத்தை வாங்கிட்டு வரப்பு கட்டக் காசில்லங்கற கதை.

அப்புறம் எர்த். கேபினட்டோட பெயிண்ட் இல்லாத ஸ்க்ரூ தலைய வெரலால தொட்டா சுர்ருனு இருக்கா? இருந்தா உங்க ப்ளக் பாயிண்ட்ல எர்த் வரல. எர்த் இல்லாத எஸ்.எம்.பி.எஸ். பாடில நூறு வோல்ட்டுக்கு மேல காட்டும், ஆம்பியர் சொல்பம்தான்ங்கறதால சுருக்குன்னு மட்டும் இருக்கும். ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மல்டி மீட்டர்ல பேஸுக்கும் நியூட்ரலுக்கும் எவ்ளோ, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் எவ்ளோன்னு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பாக்கச் சொல்லு, காலைல பாத்துட்டு 230 இருக்கு போங்கன்னு போயிடுவார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும், 20, 30ன்னு காட்டினா மீட்டர் பெட்டி வரைக்கும் தேடணும். சித்திரை வைகாசில எர்த் குழி காஞ்சு வெடிச்சுக் கெடக்கும், ரெண்டு குடம் தண்ணிய ஊத்தினாலே பாதி சரியாயிடும். இதை எழுதறப்ப சிரிப்பு வருது, கேம் ஓடலன்னு எழுதறவனுக்கு குழில தண்ணி ஊத்துடான்னு பதில் சொல்றேன். ஆனா நெசம்.

*

சார், நான் ஒரு அம்மா. திருவாரூர். எங்க பையன் பத்தாவது லீவுல கேம் ஆடறதுக்குன்னு கேட்டு வாங்கினது. கேம் ஆடினாலும் வருது, சும்மா பாட்டு கேட்டாலும் வருது, நீல கலர்ல சோகமா ஒரு மூஞ்சி வந்து திரும்ப ஆன் ஆகுது. ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் வந்து 800 ரூபா வாங்கிட்டு ஃபார்மட் பண்ணிட்டுப் போறார், பத்து நாள் நல்லா இருக்கு, திரும்ப அதே கதை. பையன் கேம் ஆடறதாலதான் கெட்டுப்போச்சுன்னு அவங்கப்பா சொல்றார். அப்படியா?
(ஒரு வாசகி, திருவாரூர்)

அம்மா, கேம் ஆடினா கம்ப்யூட்டர் கெட்டுப்போகாது, பையனை அந்த விஷயத்துல விட்டுடுங்க. மார்க் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

உங்க கேஸ் மேல இருக்கற தம்பி கேஸ் இல்ல. அவனுக்கு லைட்டை அணைச்ச மாதிரி போகுது, உங்களுக்கு நீலத் திரை வந்து சொல்லிட்டுப் போகுது. சொல்லிட்டுப் போறது நல்லது. அடுத்த தடவை வந்ததும் பையனை விட்டு போன்ல ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, கீழ ஸ்டாப் கோடுன்னு ஒரு வரி இருக்கும். நாலஞ்சு தடவை எடுத்து வரிசையா வெச்சுப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற பேரு வந்தா, ஒரு நாள் மெமரி மேனேஜ்மெண்ட், ஒரு நாள் பேஜ் ஃபால்ட், ஒரு நாள் ஐ.ஆர்.க்யூ.எல்., ரேம் மேலதான் என் சந்தேகம் போகும். எப்பவும் ஒரே பேரா வந்து, அதுல வீடியோ டி.டி.ஆர்.னு இருந்தா கிராஃபிக்ஸ் கார்டு இல்ல அதோட டிரைவர். டபிள்யூ.எச்.ஈ.ஏ.ன்னு இருந்தா ஹார்டுவேரே கத்துதுன்னு அர்த்தம், ப்ராசசர், வோல்டேஜ், சூடு, அந்தப் பக்கம் பாக்கணும். திரையப் பாக்கத் தவறிட்டா முன்னாடி சொன்ன 41க்குள்ள அந்த நம்பர் இருக்கும், ஆனா ஸ்டாப் கோடு நம்பரை பதினாறு பதினாறா எண்ணுவாங்க, அங்க நம்ம வழக்கப்படி பத்து பத்தா எண்ணி எழுதியிருக்கும், 292ன்னா 124, அதாவது டபிள்யூ.எச்.ஈ.ஏ., 278ன்னா 116, அதாவது வீடியோ டி.டி.ஆர். இது தெரியாம ரெண்டும் வேற வேறன்னு குழம்பறாங்க.

ரேமைப் பாக்கறது ஈஸி. மெம்டெஸ்ட்86னு ஒண்ணு, இலவசம், பென் டிரைவ்ல போட்டு அதுலேர்ந்து சிஸ்டத்தை ஆன் பண்ணி ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கப் போங்க. காலைல ஒரே ஒரு எரர் சிவப்புல இருந்தாலும் தப்புதான், ஒண்ணுதானேன்னு விடக்கூடாது. அப்புறம் ரெண்டு ரேம் இருந்தா ஒண்ணைக் கழட்டிட்டு ஒண்ணை மட்டும் வெச்சு ரெண்டு நாள், அதைக் கழட்டிட்டு இன்னொண்ணை வெச்சு ரெண்டு நாள் ஓட்டச் சொல்லுங்க. கழட்டறப்பவே அந்தத் தங்கக் கலர் பல்லை பையனோட பென்சில் ரப்பர் வெச்சு மெதுவா தேய்ச்சு, தூளை ஊதிட்டு மாட்டச் சொல்லுங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழைல வீடே ஓதம் காத்து நிக்கறப்ப அந்தப் பல்லுல மங்கலா படியும், பாதிப் பேருக்கு இந்த ரப்பர்லயே சரியாயிடும்னு என் அனுபவம்.

அதுலயும் நிக்கலன்னா பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடற, போர்டோட சொந்த சாஃப்ட்வேர்) எக்ஸ்.எம்.பி.ன்னு ஒரு செட்டிங் இருக்கும், ரேமை விரட்டி ஓட வைக்கறது, அதை ஆஃப் பண்ணிப் பாருங்க. ஆஃப் பண்ணதும் சரியாச்சுன்னா ரேமை இன்னும் மாத்த வேணாம், வேகத்தை ஒரு படி குறைச்சு வெச்சாப் போதும், கேம்ல வித்தியாசம் பையனுக்கே தெரியாது.

800 ரூபாய்க்காரரை அடுத்த தடவை கூப்பிடாதீங்க. கூப்பிட்டாலும் ஸ்டாப் கோடு என்னன்னு அவரைக் கேளுங்க. முழிச்சார்னா டீ குடுத்து அனுப்பிடுங்க.

*

வயசு 61, ரிட்டயர்டு, நாகப்பட்டினம், கடற்கரையிலிருந்து நடந்து போற தூரம். ஃப்ளைட் சிமுலேட்டர்தான் என் பொழுதுபோக்கு, சிரிக்காதீங்க. ஐ5 10400, நாலு வருஷமாச்சு. போன மார்கழில நல்லா ஓடிச்சு. இப்ப அக்னி நட்சத்திரத்துல ப்ளேன் ரன்வேயை நெருங்கறப்ப படம் திக்கித் திக்கி வருது, ஃபேன் அலறுது, அப்புறம் மொத்தமா ஆஃப். பத்து நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது.
(ஒரு வாசகர், நாகப்பட்டினம்)

சார், சிரிக்கல, எத்தனை தடவை இறங்கறப்ப ஆஃப் ஆச்சோன்னு நெனைச்சு வருத்தப்பட்டேன்.

திக்குது, அலறுது, அப்புறம் போகுது, ஆற விட்டா சரியாகுது. இந்த வரிசை சூடுதான். உங்க ப்ராசசர் 100 டிகிரி தொட்டதும் மொதல்ல தன் வேகத்தைத் தானே குறைச்சுப் பாக்கும், அதான் நீங்க பாக்கற திக்கல். அதுக்கு மேலயும் ஏறினா உயிரைக் காப்பாத்திக்க ஆஃப் பண்ணிக்கும். ஹெச்.டபிள்யூ இன்ஃபோன்னு இலவச சாஃப்ட்வேர் போட்டு ப்ளேனை ஓட்டுங்க, பக்கத்துல டிகிரி ஓடிக்கிட்டே இருக்கும். 80ஐ ஒட்டி நின்னா கவலை இல்ல, 95, 100ன்னு அடிச்சா கேபினட்டைத் தொறந்துடுங்க.

தொறந்ததும் கண்ணு போக வேண்டிய எடம் ப்ராசசர் மேல இருக்கற வட்ட ஃபேன். அதோட நாலு மூலைலயும் கறுப்பா நாலு கால் இருக்கும். போன மாசம் வேளாங்கண்ணி பக்கத்துலேர்ந்து வந்த ஒரு சிஸ்டம், உங்களுது மாதிரியே, மூணு கால் போர்டுல கப்புனு உக்காந்திருக்கு, நாலாவது மட்டும் அரைக்கால் இஞ்ச் மேல தூக்கிக்கிட்டு நிக்குது, வெரலால ஃபேனை அழுத்தினா அந்தப் பக்கம் மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆடுது. கழட்டிப் பாத்தா, ப்ராசசர் சூட்டைக் கடத்தறதுக்கு நடுவுல தடவியிருந்த பழைய பேஸ்ட் ஒரு பக்கம் அப்படியே கெட்டியா அப்பளம் மாதிரி, இன்னொரு பக்கம் பொடிப்பொடியா உதிருது. அந்த ஒரு காலுக்காக அவர் கார்டை மாத்தியிருக்கார் சார். அதனால நாலு காலையும் ஒவ்வொண்ணா டக்குனு சத்தம் கேக்கற வரைக்கும் அழுத்துங்க, போர்டுக்குப் பின்னாடி வெள்ளைப் பின்னு நாலும் வெளிய தெரியுதான்னு பாருங்க. பேஸ்ட் மாத்தறதுன்னா பழசைத் துணில ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமாத் துடைச்சுட்டு நடுவுல ரெண்டு துவரம்பருப்பு அளவு வெச்சாப் போதும், தோசைக்கு நெய் ஊத்தற மாதிரி ஊத்தாதீங்க.

தூசி அடிக்க ப்ளோயர் நல்லது, ஆனா அடிக்கறப்ப ஃபேன் இறக்கைய ஒரு வெரலால புடிச்சுக்கங்க, காத்துல சுத்த விட்டா பேரிங் போயிடும். அறுவடை சீசன்ல வைக்கோல் தூசி பறக்கற ஊர்க்காரங்களுக்கும் இதேதான், அந்தத் தூசி நெல்லு உமி மாதிரி ஃபேனுக்கு அடியில சூட்டை வாங்கற ஹீட்சிங்க் பல்லுக்குள்ள சிக்கிக்கிட்டு கம்பளி போத்திவிட்டுடும்.

உங்க ஊருக்குன்னு ஒண்ணு. கேபினட்டை கடல் பாக்கற ஜன்னல் பக்கம் வெக்காதீங்க. உப்புக் காத்து உள்ள போய் ஸ்க்ரூவுலேர்ந்து கார்டு பின்னு வரைக்கும் பச்சையும் துருவுமா பூக்க வைக்கும், சூட்டை விட அது மோசம், ஏன்னா சூட்டைக் கொறைக்கலாம், அரிச்சதைத் திருப்ப முடியாது. மாசக்கணக்கா ஆன் பண்ணாம வெச்சாதான் இன்னும் வேகமா அரிக்கும். நீங்க தினம் ப்ளேன் ஓட்டறது ஒரு வகைல அதுக்கு வைத்தியம், வீட்ல கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.

*

கும்பகோணம். கரண்ட் பிரச்சனைக்குன்னு புது யூ.பி.எஸ். வாங்கினேன், 600ன்னு போட்டிருக்கு. என் சிஸ்டம் 400 வாட்டுக்குள்ளதான்னு சொன்னாங்க. ஆனா கேம் ஆடறப்ப கரண்ட் போனா பீப் அடிச்சுட்டு யூ.பி.எஸ்.ஸே ஆஃப் ஆகுது. மாத்திக் குடுங்கன்னா கடைல மாட்டேங்கறாங்க.
(ஒரு வாசகர், கும்பகோணம்)

600ங்கறது வாட் இல்லீங்க, வி.ஏ., அதாவது வோல்ட்டை ஆம்பியரால பெருக்கினது. பெட்டிய திருப்பிப் பாருங்க, சின்ன எழுத்துல 360 வாட்னு இருக்கும். சிஸ்டம், அதோட மானிட்டர் ஒரு 30 வாட், எல்லாம் சேந்து 360ஐத் தாண்டுது, ஓவர்லோடுன்னு கட் ஆகுது. கடைக்காரர் மேல தப்பில்ல, வாங்கறப்ப வாட் எவ்ளோன்னு கேக்காம விட்டது நீங்க. உங்களுக்கு 1,000 வி.ஏ., அதாவது 600 வாட் வேணும். முடிஞ்சா ப்யூர் சைன் வேவ், அதாவது சுவத்துல வர்ற கரண்ட் மாதிரியே வழுவழுன்னு அலையா விடறது. மலிவு யூ.பி.எஸ். பேட்டரில ஓடறப்ப படிக்கட்டு மாதிரி கரண்ட் விடும், நல்ல எஸ்.எம்.பி.எஸ். சிலதுக்கு அது ஒத்துக்காம மாறுற நொடியில ஆஃப் ஆகும். நல்ல பொருள் வாங்கினதுக்கு வர்ற தண்டனை. இப்போதைக்கு இருக்கற 600ஐ மோடத்துக்கும் ரவுட்டருக்கும் போட்டுடுங்க.

ஸ்டெபிலைசர் போடலாமான்னு இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. ஃப்ரிட்ஜுக்குப் போடுங்க. டக்கு டக்குனு ரிலே மாறுற ஸ்டெபிலைசர் ஒவ்வொரு டக்குக்கும் ஒரு சின்ன இடைவெளி விடும், கம்ப்யூட்டருக்கு அதுவே வினை. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப வேதாரண்யம் பக்கமெல்லாம் வாரக்கணக்குல கரண்ட் இல்லாம வாடகை ஜெனரேட்டர்ல எல்லாத்தையும் ஓட்டினாங்க, மூணு வீட்டுக்கு நடுவுல ஒரு ஜெனரேட்டர், ஒருத்தர் மிக்சி போட்டா இன்னொருத்தர் வீட்ல பல்பு மினுக்கும், அதுல நேரா மாட்டின சிஸ்டம் எத்தனை எஸ்.எம்.பி.எஸ். வெடிச்சு என் மேஜைக்கு வந்துச்சுன்னு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. புயல் நேரத்துல போனை மட்டும் சார்ஜ் பண்ணுங்க.

*

பட்டுக்கோட்டை. எல்லாரும் கேம் ஆடினா போகுதுங்கறாங்க, எனக்குத் தலைகீழ். நாலு மணி நேரம் ஆடினாலும் ஒண்ணும் ஆகல, எந்திரிச்சுப் போய் சாப்பிட்டு வந்தா அப்படியே உறைஞ்சு நிக்குது. ரைசன் 5 3600.
(ஒரு வாசகர், பட்டுக்கோட்டை)

இது பழைய ரைசன்ல தெரிஞ்ச வியாதிதான். சும்மா இருக்கறப்ப ப்ராசசர் ரொம்பக் கம்மியா கரண்ட் எடுக்கும், சில எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அவ்ளோ கம்மியா குடுக்கத் தெரியாம தடுமாறும். பயாஸ்ல பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்னு தேடுங்க, அதை டிப்பிகல் கரண்ட் ஐடில்னு மாத்துங்க. முடிஞ்சா பயாஸும் புதுசா போட்டுடுங்க. அம்புட்டுதான்.

*

தஞ்சாவூர். ஐ7 14700கே, பெரிய கார்டு, நாணயமான 850 வாட் எஸ்.எம்.பி.எஸ்., நல்ல கூலர். கேம் ஓப்பன் ஆகறப்ப ஷேடர் (காட்சிய வரையற குட்டி ப்ரோகிராம்) லோட் ஆகற எடத்துல வீடியோ மெமரி பத்தலன்னு சொல்லிட்டு டெஸ்க்டாப்புக்கு வந்துடுது. கார்டுல 12 ஜிபி இருக்கு, எப்படிப் பத்தாம போகும்?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

கார்டு மேல பழி வருது, தப்பு ப்ராசசர் மேல இருக்கலாம். இன்டெல் 13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்ல ஒரு கோளாறு இருந்துச்சு, தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டுக் கேட்டு உள்ளுக்குள்ள தேஞ்சு போறது. இன்டெல்லே ஒத்துக்கிட்டு 2024 ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, செப்டம்பர்ல 0எக்ஸ்12பின்னு மைக்ரோகோடு (ப்ராசசருக்குள்ள ஓடற சாஃப்ட்வேர் திருத்தம்) விட்டாங்க, அது போர்டு கம்பெனியோட பயாஸ் அப்டேட்ல வரும். நீங்க சொன்ன அந்த வீடியோ மெமரி எரர்தான் இந்தக் கோளாறோட அடையாளமே. ஆனா ஒண்ணு, அப்டேட் இனிமே தேயாம தடுக்கும், தேஞ்சதைத் திருப்பித் தராது. அப்டேட் போட்டப்புறமும் வந்தா ப்ராசசரை மாத்தித்தான் ஆகணும். இந்த மாடலுக்கெல்லாம் வாரண்டிய ரெண்டு வருஷம் கூட்டி அஞ்சு வருஷம் ஆக்கியிருக்காங்க, பில்லைத் தேடி எடுத்து வெச்சுக்கங்க.

பயாஸ் அப்டேட் பண்றப்ப பாதில கரண்ட் போனா போர்டு செத்துடும், அதனால மழை இருட்டிக்கிட்டு நிக்கற சாயங்காலத்துல ஆரம்பிக்காதீங்க. நல்ல வெயில் அடிக்கற ஞாயித்துக்கிழமை காலைல, யூ.பி.எஸ். பேட்டரி ஃபுல்லா இருக்கறப்ப பண்ணுங்க.

*

சார், போன மாசம் எழுதியிருந்தேன், மயிலாடுதுறை. சிஸ்டம் நடுவுல ஆஃப் ஆகுதுன்னு. நீங்க ஸ்பைக் பஸ்டரை மோந்து பாருங்கன்னீங்க. மோந்தா கருகின வாடை, சொருகற ஓட்டை பக்கம் பழுப்பா உருகி இருந்துச்சு. புதுசு மாத்தினேன், மூணு வாரமா ஒரு தடவை கூட ஆஃப் ஆகல, ரொம்ப நன்றி. ஆனா ஒரு சந்தேகம், இப்ப கொஞ்ச நாளா எங்க வீட்டு டிவி அப்பப்ப ஆஃப் ஆகுது. கரண்ட்ல எதாவது பிரச்சனையா?
(அதே வாசகர், மயிலாடுதுறை)

அந்தப் பழைய பஸ்டரைத் தூக்கி டிவிக்குத்தானே போட்டிருக்கீங்க?